ஈஸ்வரி படுத்திருந்தபோதும் ஓடிய தறி

ஈஸ்வரி மூத்த பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கல்யாணம் முடித்து வைத்தாள். கடைக்குட்டி முத்துக்குமரனுக்கு மட்டும் விசைத்தறிகள் ஓடுகிற ஒரு செட்டை வைத்துக் கொடுத்தாள்.

ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற ரோட்டில் இறங்கி 'முத்து பேண்டேஜ்' எங்கே என்று கேட்டால், டீக்கடையில் நிற்கிற யாரும் கையை நீட்டிக் காட்டுவார்கள். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி அங்கே நெய்கிறார்கள். உள்ளே நுழைந்துவிட்டால் தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். பின்பக்கம், வெளுத்து வந்த துணியைச் சுருட்டிக் கட்டுகிற அறையில், முத்து உட்கார்ந்திருப்பான். இவனுக்கு எல்லாமே மெதுவாகத்தான் வரும் என்று பிறந்த கொஞ்ச நாளிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். முப்பது வயதைத் தொட்டும் அவன் தனியாக ரோட்டைத் தாண்ட மாட்டான். எந்த நோட்டுப் பெரியது என்று கேட்டால் சிரிப்பான். ஆனால் அவன் சுருட்டிய சுருள் ஒன்றுகூடப் பிரிந்து திரும்பி வந்தது கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் மற்றவர்களோடு வரிசையில் நின்று சம்பளம் வாங்குவான். அதில் காராச்சேவு வாங்கி, எல்லோருக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவான். அந்த வரிசையில் அவன் நிற்பதைப் பார்க்கும்போது ஈஸ்வரிக்கு முதுகு தானாக நிமிரும்.

அந்த நிமிர்வு சும்மா வந்துவிடவில்லை. அவளுடைய கணவர் சுந்தரபாண்டியன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து முதல் தறிசெட்டைப் போட்டவர். ஒரு நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. "நமக்குள்ள என்ன எழுத்து" என்பது அவர் வழக்கமாகச் சொல்கிற பேச்சு. அவர் போனதும், மனைவி, மூன்று பிள்ளைகள், பெற்ற தாய் என்று அத்தனை பேருக்கும் அந்த செட்டில் பங்கு வந்தது. பின்னால் மாமியாரும் போய்ச் சேர்ந்தாள். அவள் பங்கில் கொழுந்தன் ஐயாதுரைக்கு உரிமை வந்தது.

ஐயாதுரை கெட்டவர் இல்லை. "சட்டம் எனக்குக் குடுத்தத்தான கேக்கேன்" என்றார். கேட்டது ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனது. கோர்ட் உத்தரவில் செட்டுக்குப் பூட்டு விழுந்தது. வாய்தாவுக்கு மேல் வாய்தா போய், கேஸ் முடிந்து பூட்டைத் திறந்தபோது தறிகள் துருவேறி, எடைக்குப் போடத்தான் லாயக்காக இருந்தன. ஜெயித்தவர், தோற்றவர் இரண்டு பேரும் பழைய இரும்பைத்தான் பங்கு வைத்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வாடகைத் தறியில் ஆரம்பித்து, சொந்தமாக இடம் வாங்கி, கொட்டகை போட்டு, ஒவ்வொரு தறியாக இறக்கி, ஈஸ்வரி தன் பெயரிலேயே உண்டாக்கியதுதான் இந்த செட். அவள் கூடவே இருந்து தறியில் பாவு நூல் ஏற்றியதும் பழுது பார்த்ததும் மேஸ்திரி பால்ச்சாமி.

மூத்தவன் விமல் பட்டாளத்தில் ஹவில்தார். அடுத்தவள் கார்த்திகா பி.பார்ம் படித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருந்தாள். இரண்டு பேரையும் நினைத்து ஈஸ்வரிக்குக் கவலை இல்லை. ராத்திரி புரண்டு படுக்க வைத்ததெல்லாம் முத்துதான்.

முத்து சின்ன வயதில் படித்த சிறப்புப் பள்ளியில் ஒரு நாள் பெற்றோர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். பேச வந்தவர் ஜூடி என்கிற வக்கீல். உயில் எழுதுவது எப்படி, எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று பொறுமையாகச் சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தபோது ஈஸ்வரி எழுந்தாள்.

"வக்கீலம்மா, உயிலு நான் செத்த பொறவுதான பேசும்? நான் சாகாமப் படுத்துக் கெடந்தா? பேச்சு மூச்சு இல்லாமக் கெடந்தா? அன்னைக்கு எம்மவனுக்குச் சோறு போடுறது யாரு?"

ஜூடி அவளை உட்காரச் சொல்லவில்லை. தானும் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "அதுக்கு உயில் மட்டும் போதாதும்மா. உயிரோட இருக்கும்போதே ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தணும். செட்ட டிரஸ்ட் பேர்ல மாத்திருவோம். நீங்கதான் அத நடத்துவீங்க, உங்களுக்கு முடியிற வரைக்கும். முடியாமப் போனா அடுத்து யாருன்னு அதுலயே பேர் போட்டு எழுதிருவோம். நீங்க கண்ண மூடிக் கெடந்தாலும் அவுங்க கையெழுத்து செல்லும். யார் கோர்ட்டுக்கும் போக வேண்டாம்."

"அவன் பங்க யாரும் விக்க முடியாதுல்ல?"

"அவன் காலம் வரைக்கும் அதோட வருமானம் அவனுக்குத்தான்னு எழுதுனா, நடத்துறவுங்களே நெனச்சாலும் விக்க முடியாது."

ஈஸ்வரி அடுத்த வாரமே கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஜூடியின் ஆபீஸுக்குப் போய் நின்றாள். கேஸ் நடந்த காலத்தில் பிறர் இழுத்து வந்த தெரு அது. இந்தத் தடவை அவளாகவே வந்தாள்.

விமல் லீவில் வந்திருந்த சமயம் பார்த்து வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்தாள். ஐயாதுரையையும் கூப்பிட்டாள். கேஸ் நடந்தது என்பதற்காகக் கொழுந்தனை விட்டுவிட்டு ஒரு நல்லது பொல்லாது பேச அவளுக்கு மனசு வராது. செட்டும் வீடும் டிரஸ்டுக்கு. வருமானம் முத்துவுக்கு, அவன் காலத்துக்குப் பிறகு விமல், கார்த்திகா இரண்டு பேர் பிள்ளைகளுக்கும் சமமாக. மிச்சத்துக்கு உயில்: வத்திராயிருப்பில் அவளுடைய அப்பா கொடுத்த தென்னந்தோப்பு விமலுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கிப் போட்ட மனை கார்த்திகாவுக்கு.

"எனக்கு முடியாமப் போனா செட்டுக்குப் பொறுப்பு கார்த்திகா. கூட பால்ச்சாமி. செக்குல ரெண்டு பேரும் சேந்துதான் கையெழுத்துப் போடணும்" என்றாள்.

விமல் தட்டில் இருந்த அதிரசத்தைப் பிட்டபடியே நிறுத்தினான். "அப்ப நான் எதுக்கும்மா இருக்கேன்?"

"நீ நாட்டுக்கு இருக்க, அய்யா. நான் கீழ விழுந்தா ஓடி வந்து கையெழுத்துப் போட உன்னால ஏலுமா? லீவு கேட்டு, ரயிலு ஏறி, எம்புட்டு நாளு?"

"மூத்தவன விட்டுட்டு..." என்று ஐயாதுரை ஆரம்பித்தார். "பொண்ணு கையில சாவியக் குடுத்தா பூட்டு மருமகன் வீட்டுக்குப் போயிரும் மதினி. அது போக, நல்லா இருக்கும்போது உயிலு எழுதுனா எமனுக்கு வெத்தல பாக்கு வச்ச மாதிரி."

"உங்க அண்ணன் எமனுக்கு வெத்தல பாக்கு வைக்கலயே, கொழுந்தனாரே. அவன் வரத்தான செஞ்சான்?"

ஐயாதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். விமல் பிட்ட அதிரசத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தான். லீவு முடிந்து போன பிறகு அவன் போனில் பேசுவது சுருங்கிப் போனது. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வைக்கட்டுமா. அவ்வளவுதான். ஈஸ்வரிக்கு அது முள் மாதிரி உள்ளே தைத்துக்கொண்டுதான் இருந்தது. இருந்தும் தான் செய்தது சரிதான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

பத்திரம் பதிவு செய்த அன்று முத்துவுக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனாள். ரிஜிஸ்டர் ஆபீஸில் அவளைப் போட்டோ பிடித்தபோது தன்னையும் பிடிக்கச் சொல்லி அவன் அடம்பிடித்தான். வெளியே வந்து மரத்தடியில் வைத்து ஜூடி தன் போனில் பிடித்துக் கொடுத்தார். உயிலுக்குச் சாட்சியாக, அதில் ஒரு பைசா ஆதாயம் இல்லாத இரண்டு பேரை ஜூடியே பார்த்து ஏற்பாடு செய்திருந்தார். முத்துவுக்குச் சட்டப்படியான காப்பாளராகக் கார்த்திகாவை நியமிக்கச் சொல்லி விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் கமிட்டிக்கும் மனு கொடுத்தார்கள். அதுவும் சில மாதத்தில் கைக்கு வந்தது. எல்லாக் காகிதமும் பீரோவுக்குள் போன பிறகு, ஈஸ்வரி அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. நூல் விலை ஏறியது, இறங்கியது. தறி ஓடியது.

இரண்டு வருஷம் கழித்து, வேலை மும்முரமாக இருந்த ஒரு காலைப்பொழுதில், நூல் வண்டிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தவளுக்கு வாய் கோணியது. கையில் இருந்த பேனா விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே சரிந்தாள். பால்ச்சாமிதான் தூக்கி வண்டியில் போட்டார். மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது அவளுக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. வலது கை மட்டும் அவளுடையதாக இல்லை. வாயைத் திறந்தால் வார்த்தைக்குப் பதிலாக ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது.

கார்த்திகா ஆஸ்பத்திரிக்கும் ராஜபாளையத்துக்குமாக அலைந்தாள். அவள் என்ன செய்கிறாள் என்று ஈஸ்வரிக்கு முழுதாகத் தெரியவில்லை. கேட்கவும் வாய் இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். சனிக்கிழமை வருதே, சம்பளம் யார் கொடுப்பார்கள்? கோயம்புத்தூர்க்காரனுக்கு லோடு போக வேண்டுமே? ஒரு வாரம் சம்பளம் தவறினால் ஆட்கள் வேறு செட்டுக்குப் போய்விடுவார்கள். ஆள் போனால் தறி நிற்கும். தறி நின்று துருப்பிடித்ததை அவள் ஒரு தடவை பார்த்தவள்.

வெள்ளிக்கிழமை ஐயாதுரை வந்தார். பழம் வாங்கி வந்திருந்தார். மதினியைப் பார்த்ததும் அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர், மடியில் வைத்திருந்த உறையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்தார்.

"ஏட்டி கார்த்திகா, நான் சொல்லுதத நிதானமாக் கேளு. செட்டு நின்னு போச்சுன்னா பொறவு எடுக்க முடியாது. நமக்குத் தெரிஞ்ச பார்ட்டி ஒண்ணு லீசுக்குக் கேக்கான். நல்ல பார்ட்டி. மதினி முழிச்சுத்தான் இருக்காக. ஒத்தக் கைநாட்டு வச்சாப் போதும். மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

ஸ்டாம்ப் மையையும் கொண்டுவந்திருந்தார். ஈஸ்வரி தலையை அசைக்கப் பார்த்தாள். கழுத்து சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அவளால் முடிந்தது அது ஒன்றுதான்.

கார்த்திகா குரலை உயர்த்தவில்லை. பிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றிச் சித்தப்பா கையில் கொடுத்தாள்.

"குடிங்க சித்தப்பா. இந்தக் கைநாட்டு செல்லாது. அம்மா இருக்கிற நெலமைக்கு, நாளைக்கே யாராச்சும் கேள்வி கேட்டா உங்களுக்குத்தான் வம்பு. செல்லும்னே வச்சுக்கிட்டாலும் பிரயோசனம் இல்ல. செட்டு அம்மா பேர்ல இல்ல, டிரஸ்ட் பேர்ல இருக்கு. அன்னைக்கு நீங்களும்தான உக்காந்திருந்தீக?"

"அது இருக்கட்டும். இப்ப யாரு ஓட்டுவா?"

"பத்திரத்துல சொன்னபடியே ரெண்டு டாக்டர்ட்ட எழுத்துல வாங்கிட்டேன், அம்மாவுக்கு இப்ப முடியாதுன்னு. முந்தாநாளே ஜூடி அக்கா வந்து பேங்க்ல குடுத்துட்டாங்க. இன்னைலருந்து நானும் பால்ச்சாமி அண்ணனும் கையெழுத்துப் போடுதோம். நாளைக்குச் சம்பளம் உண்டு. கோயம்புத்தூர் லோடு காலைலயே ஏறிருச்சு."

"மருந்துக்கடைய வச்சுக்கிட்டு, பிள்ளகுட்டிய வச்சுக்கிட்டு, பொம்பளப்பிள்ள தறிசெட்டும் ஓட்டுவியா?"

"அம்மாவும் பொம்பளதான, சித்தப்பா."

ஐயாதுரை டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். காபியை மெதுவாகக் குடித்தார். பத்திரத்தை மடித்து உறைக்குள் வைத்தார்.

"எங்கண்ணன் இத அன்னைக்குச் செஞ்சிருந்தான்னா, நமக்குள்ள கோர்ட்டுன்னு ஒண்ணு வந்திருக்காது" என்றார். மதினியின் கால்மாட்டில் போர்வை விலகியிருந்ததை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனார்.

ஈஸ்வரியின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. கார்த்திகா பயந்துபோய், "என்னம்மா, வலிக்கா?" என்று குனிந்தாள். வலி இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை. போர்வைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து மகளின் கன்னத்தில் வைத்தாள். இவளைச் சின்ன வயதில், கேஸ் கேஸ் என்று அலைந்த நாட்களில், எத்தனை தடவை கோர்ட் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள். அங்கேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை.

மறுநாள் சாயங்காலம் பால்ச்சாமி போன் போட்டு முத்துவிடம் கொடுத்தார். கார்த்திகா போனை அம்மாவின் காதில் வைத்தாள். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"அம்மா, சம்பளம் வாங்கிட்டேன். பால்ச்சாமி அண்ணன் குடுத்தாரு. நானும் லைன்லதான் நின்னேன். சேவு வாங்கிட்டேன். ஒனக்கு வேணுமா?"

ஈஸ்வரி 'ம்' என்றாள். விழுந்ததிலிருந்து அவள் வாயில் சரியாக வந்த முதல் வார்த்தை அதுதான்.

விமல் இருந்த இடம் லடாக் பக்கம். பனியில் பாதை அடைத்துக் கிடந்தது. பாதை திறந்து, வண்டி கிடைத்து, விமானம் பிடித்து அவன் வந்து சேர்ந்தபோது, ஈஸ்வரி வீட்டுக்கே வந்துவிட்டாள். அவன் நேராக வீட்டுக்கு வரவில்லை. பையைத் தோளில் போட்டபடியே செட்டுக்குப் போய், கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தான். வந்ததும் சேரை இழுத்துப் போட்டு அம்மாவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரல்களைப் பிடித்துவிட ஆரம்பித்தான். பிசியோதெரபிக்காரர் சொல்லிக் கொடுத்ததைக் கார்த்திகா வீடியோவாக அனுப்பியிருந்தாள். வழி முழுக்கப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான்.

"நான் பொறுப்புல இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு யோசிச்சுப் பாத்தேன்மா" என்றான். தலையைத் தூக்கவில்லை. "சித்தப்பா போன்ல கேட்டிருப்பாரு. நான் இருந்த எடத்துல டவர் கெடச்சா அதிசயம். சரி சித்தப்பா, என்னமும் செய்யுங்கன்னு சொல்லிருப்பேன். வேற என்ன சொல்ல முடியும் எனக்கு? செட்டு போயிருக்கும்."

ஈஸ்வரிக்கு அப்போது ஒன்றிரண்டு சொற்கள் வர ஆரம்பித்திருந்தன. ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. "நீ... கோவம்..." என்றாள்.

"கோவம்தான். என்னிய நம்பலயேன்னு கோவம். அது நம்பிக்கைப் பிரச்சின இல்லன்னு இப்பத்தான மண்டையில ஏறுது." கார்த்திகா உள்ளேயிருந்து கஞ்சியோடு வந்தாள். அவளைப் பார்த்து, "ஏட்டி, நூலு விலை பேசுதத எங்கிட்டுப் படிச்ச? அந்த வியாபாரி உம் பேரக் கேட்டாலே நெளியிறானாம்லா. பால்ச்சாமி சொல்லுதாரு" என்றான்.

"மாத்திரைக் கம்பெனிக்காரனுவட்ட பேசுனவளுக்கு நூல்காரன் எம்மாத்திரம்" என்றாள் அவள்.

விமல் சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஈஸ்வரிக்கு இரண்டு வருஷமாகத் தைத்திருந்த முள் எடுபட்டது. லீவு முடிகிற வரைக்கும் அவன் தினமும் காலையில் முத்துவைக் கூட்டிக்கொண்டு செட்டுக்குப் போனான். தங்கச்சி சொன்ன வேலையைச் செய்தான். ஹவில்தாரை மூட்டை தூக்க வைத்தவள் என்று பால்ச்சாமி அவளுக்குப் பட்டம் கட்டினார்.

ஊன்றுகோல் பிடித்து நடக்க முடிந்ததும் ஈஸ்வரி முதலில் கேட்டது செட்டைத்தான். காரிலிருந்து இறங்கும்போதே சத்தத்தை வைத்து எத்தனை தறி ஓடுகிறது என்று கணித்துவிட்டாள். எல்லாம் ஓடியது. உள்ளே போனதும் அவளுக்கு முகம் சுருங்கியது. வாசலுக்கு நேராக இருந்த அவளுடைய மேஜையைக் காணோம். அந்த இடத்தில் சரக்கு அடுக்கியிருந்தார்கள்; மேஜை ஜன்னல் பக்கம் போயிருந்தது. சுருட்டும் அறையில் முத்துவோடு புதிதாக இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவன் படித்த பள்ளியிலிருந்து வந்தவர்கள். முத்து ஒருத்தியின் கையைப் பிடித்து எப்படி இறுக்கிச் சுருட்ட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தான்.

"என்னியக் கேக்காமலா மாத்துன?" என்றாள். வார்த்தை குழறினாலும் அதட்டல் குழறவில்லை.

"நீ அங்க கெடந்த. யாரக் கேக்க?" என்றாள் கார்த்திகா. "வாசல்ல மேஜ இருந்தா வண்டியில ஏத்த எடம் பத்தலம்மா. அந்தப் பிள்ளைகள நானாச் சேக்கல. டிரஸ்டுக் காகிதத்துல நீதான எழுதிருக்க, முத்து மாதிரி பிள்ளைகளுக்கு வேலை குடுக்கணும்னு."

எழுதியது அவளேதான். ஜூடி ஆபீஸில் உட்கார்ந்து, இதுவும் ஒரு வரி இருக்கட்டும் என்று தான் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. எழுதியவள் மறந்துபோனாள், படித்தவள் செய்து முடித்துவிட்டாள். ஈஸ்வரி ஜன்னல் பக்கம் போய்த் தன் மேஜையின் முன்னால் உட்கார்ந்தாள். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆடி கழிந்து ஒரு நாள் எல்லோருமாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். இனி வேலை பார்க்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஜூடி அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "இப்ப நீங்க கேட்டா பொறுப்பு திரும்ப உங்க கைக்கே வந்துரும்மா. அப்படித்தான் எழுதியிருக்கோம்" என்றார். கார்த்திகா சாவிக்கொத்தை ஏற்கெனவே எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டாள். அவள் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. அம்மாவின் பொருள், அம்மாவிடம் போகிறது என்கிற மாதிரிதான் இருந்தாள்.

ஈஸ்வரி சாவியைத் தொடவில்லை.

"வக்கீலம்மா, எல்லாரும் செத்த பொறவுதான் பிள்ளைக எப்படி நடத்துதுன்னு தெரியும். அவுகளுக்குப் பாக்கக் குடுத்து வைக்கல. நான் உசுரோடயே பாத்துட்டேன்" என்றாள். நின்று, மூச்சு வாங்கி, மறுபடி பேசினாள். "பொறுப்பு இவகிட்டயே இருக்கட்டும். அத எழுதுங்க. நான் செட்டுக்கு தெனமும் போவேன். பாப்பேன். சரியில்லன்னா வைவேன். கையெழுத்து மட்டும் அவ போடட்டும்."

"வைறதுக்குப் பத்திரத்துல எடம் இல்லம்மா" என்றார் ஜூடி சிரித்துக்கொண்டே.

"அது பத்திரம் இல்லாமயே செல்லும்."

கார்த்திகா குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி இருந்தாள். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தை மாதத்தில் வன்னியம்பட்டியில் ஐயாதுரையின் பேரனுக்குக் காதுகுத்து. தோட்டத்தில் பந்தல் போட்டு, ஆட்டுக்கறியும் சோறுமாக ஊரையே கூப்பிட்டிருந்தார். ஈஸ்வரி பிள்ளைகளோடு போயிருந்தாள். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, ஐயாதுரை தன் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு வந்து கார்த்திகாவின் முன்னால் நிறுத்தினார்.

"இதான் எங்க அண்ணன் மக. சத்திரப்பட்டி ரோட்டுல பேண்டேஜ் செட்டு இருக்குல்லா, இவதான் ஓட்டுதா. மருந்துக்கடையும் வச்சிருக்கா. எங்க குடும்பத்துல இப்படி ஒரு ஆளு இல்ல." சொல்லிவிட்டு, யாராவது மறுப்பார்களா என்பது போலச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அவருடைய குரலில் இருந்த மிடுக்கைக் கேட்டால், செட்டை வைத்துக் கொடுத்ததே அவர்தான் என்று தோன்றும்.

கார்த்திகா கூச்சத்தில் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். சம்பந்தி ஈஸ்வரியின் பக்கம் திரும்பி, "நீங்க தாயாருங்களா? ஒடம்புக்கு முடியாம இருந்தீகன்னு சொன்னாக. அந்த நேரத்துல எப்படிச் சமாளிச்சுது பிள்ள?" என்று கேட்டார்.

ஈஸ்வரி இடது கையால் பிசைந்துகொண்டிருந்த சோற்றை அப்படியே விட்டாள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆரம்பித்தாள். வார்த்தை அங்கங்கே குழறியது. அதை அவள் பொருட்படுத்தவில்லை. கேட்டவர் பந்தலில் ஒரு கம்பைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பக்கத்து இலைக்காரர்களும் காதைக் கொடுத்தார்கள். அடுத்த பந்திக்கு இலை எடுக்க ஆட்கள் வந்து நிற்கிற வரைக்கும் ஈஸ்வரி மகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்தவில்லை.